கம்பி இல்லாத பிறை

என் அண்ணனைத் தெரு முழுக்க 'சிரிக்காதீங்க' என்றுதான் சொல்லும். பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் படம் எடுப்பது அவன் தொழில். ஸ்டூலில் வந்து உட்காருகிறவர்களிடம் முப்பத்தோரு வருடமாக அவன் சொல்லிவரும் முதல் வார்த்தை அது. பல்லைக் காட்டினால் படம் திரும்பி வந்துவிடும். நெற்றியில் முடி விழுந்தாலும் முகத்துக்குப் பின்னால் நிழல் விழுந்தாலும் திரும்பி வந்துவிடும். அதனால் கடைக்குள் ஒரு வெள்ளைத் துணி, இரண்டு பக்கமும் குடை விளக்கு, கண்ணாடிக்கு முன்னால் சீப்பும் பவுடர் டப்பாவும், ஆணியில் தொங்கும் ஒரே ஒரு கறுப்புக் கோட்டு. இந்த ஊரை விட்டு வெளியே போனவர்களில் பாதிப் பேர் அந்தக் கோட்டுக்குள் கையை நுழைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

எடுப்பதோடு அவன் விடமாட்டான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து துடைக்க ஆரம்பிப்பான். பரு, வடு, கண்ணுக்குக் கீழே கருவளையம், ஏறி இறங்கிய தோள், எல்லாம் போய்விடும். துடைத்ததை வைத்துக்கொண்டு பழையதை அப்போதே அழித்துவிடுவான். இரண்டும் இருந்தால் அவசரத்தில் மாற்றி அச்சுப் போட்டுவிடுவோம் என்று பயம். அவன் கை படாமல் ஒரு முகமும் அந்தக் கடையை விட்டு வெளியே போனதில்லை. கெட்ட எண்ணம் கிடையாது, எல்லோருக்கும் நல்லது செய்வதாகத்தான் நினைப்பு. அந்த நினைப்புதான் எங்கள் குடியைக் கெடுத்தது.

நான் அவன் தங்கை. பஸ் ஸ்டாண்டில் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது கிளம்பும் என்று நாள் முழுக்கக் கத்துகிறவள். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள், உண்மைதான். இதைக்கூடப் பாதிக் கோபத்தில்தான் சொல்கிறேன். மீதிப் பாதி என்னவென்று எனக்கே பிடிபடவில்லை.

அண்ணனுக்கு ஒரே பெண். பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டே இருபத்து நான்கு வயதாகிவிட்டது. அவளுக்கு இடது கன்னத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு மச்சம், பிறந்தபோதே இருந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கல்யாணத்துக்குக் கேட்டவர்கள் வீட்டுக்கு அண்ணன் ஒரு படம் கொடுத்தான். வழக்கம்போலத் துடைத்துக் கொடுத்தான். அவர்கள் நேரில் வந்து, பெண்ணைப் பார்த்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, கொடுத்த காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். பாப்பா இன்னொரு தடவை இப்படிச் செய்யாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். நாலு மாதம் கழித்து இன்னொரு வீட்டுக்கு அவன் கொடுத்த படத்திலும் மச்சம் இல்லை. அவர்கள் வாசலோடு திரும்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவள் கடைக்குள் வந்து, கம்ப்யூட்டரில் இருந்த தன் படத்தைக் காட்டி, "இந்தப் பொண்ணையே வச்சுக்கோங்க" என்றாள். மறுநாள் வீட்டில் இல்லை. எங்கே போனாள், என்ன வேலை செய்கிறாள், யாருக்கும் தெரியாது.

ஒரு மாதம் அண்ணி பைத்தியம் பிடித்தவளாக இருந்தாள். பிறகு ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் போனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. ஏதோ ஊர்க் கூரைகளுக்கு மேலே, நகத்தை வெட்டிப்போட்டதுபோல் மெல்லிய பிறை. ஒரு எழுத்து இல்லை. அண்ணிக்குப் புரிந்துவிட்டது. பாப்பா சின்னவளாக இருந்தபோது இரண்டு பேரும் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போவார்கள். அமாவாசை கழிந்து பிறையை முதலில் யார் கண்டுபிடிக்கிறார்களோ அவர்கள் சும்மா நிற்கலாம், தோற்றவர் எல்லாத் துணியையும் மடிக்க வேண்டும். வாயைத் திறந்தால் சண்டை வரும் வயதிலும் இரண்டு பேரும் அந்த விளையாட்டை மட்டும் விடவில்லை.

அண்ணி அலமாரியிலிருந்து அண்ணன் தூக்கிப்போட்ட பழைய கேமராவை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். தண்ணீர்த் தொட்டி விளிம்பில் அதை வைத்து, கை ஆடாமல் இருக்க டைமரைப் போட்டு எடுத்தாள். மாடிக்குக் குறுக்கே ஒரு கேபிள் கம்பி போகும். அண்ணி எப்படி எடுத்தாலும் அது படத்துக்குள் வந்துவிடும். பிறை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கம்பி அதன் வயிற்றை அறுத்துக்கொண்டு போகும், உற்றுப் பார்த்தால் இருட்டில் கிடக்கும் மீதி நிலாவும் சாம்பல் நிறத்தில் தெரியும். கடையில் போனுக்கு மாற்றி அப்படியே அனுப்பினாள். அங்கே பார்த்துவிட்டாள் என்று அடையாளம் விழுந்தது. உடனே அந்த எண் அணைந்துவிட்டது.

அதுதான் பழக்கமாயிற்று. மாதத்தில் ஒரே ஒரு சாயங்காலம் அந்த எண்ணுக்கு உயிர் வரும். அவள் பிறை வரும், அண்ணி பிறை போகும், முடிந்தது. மேகம் மூடினால் அந்த மாதம் இல்லை. ஏன் விலாசம் கேட்கக் கூடாது, ஏன் கூப்பிட்டுப் பேசக் கூடாது என்று நான் கத்துவேன். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று மாதம் ஒரு தடவை தெரிந்தால் போதும், இழுத்தால் அறுந்துவிடும் என்பாள் அண்ணி.

இழுத்தது அண்ணன். முதல் வருடத்திலேயே ஒரு பிறை நாளில் அண்ணிக்குத் தெரியாமல் அவள் போனை எடுத்து, 'அம்மாவுக்கு ரொம்ப முடியல, உடனே வா' என்று எழுதிவிட்டான். மறு நிமிடம் பாப்பா கூப்பிட்டாள். அந்த நேரம் பார்த்து போனை எடுத்தது அண்ணி. எனக்கென்ன கேடு, நல்லாத்தான் இருக்கேன், நீ எப்படி இருக்கே என்றாள் பாவம். பாப்பா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. இனிமேல் இந்த எண்ணிலிருந்து எழுத்து என்று ஒன்று வந்தால் அன்றைக்கே எண்ணைத் தூக்கிப் போட்டுவிடுவேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். அதன்பிறகு இரண்டு மாதம் பிறையும் வரவில்லை. அண்ணன் அந்தப் போன் பக்கமே போகாமல் இருந்தான்.

மூன்று வருடம் இப்படி ஓடியது.

போன வருடம் ஒரு மத்தியானம், கடைக் கவுண்டரில் நின்று, அச்சுத் தாளிலிருந்து எட்டு எட்டாகப் பாஸ்போர்ட் படம் வெட்டிக்கொண்டிருந்த அண்ணியின் கையிலிருந்து கத்தரி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு சொல், 'பாப்பா'. தண்ணீர் வேண்டுமென்றாலும் பாப்பா, வலித்தாலும் பாப்பா. ஆனால் வார்டு வாசலைப் பார்த்துக்கொண்டு சொல்லும்போது அது பாப்பாவைத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. நினைவு தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்தால் ஒரு பக்கத்து உதட்டால் சிரிப்பாள். டாக்டர் எங்களை வெளியே அழைத்து, பக்கவாதம் இன்னொரு தடவை வரலாம், வந்தால் தாங்கமாட்டார், பார்க்க வேண்டியவர்கள் யாராவது இருந்தால் இப்போதே வரச் சொல்லுங்கள் என்றார்.

அண்ணன் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். பிறைக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

அந்தப் பதினோரு நாளும் அந்த எண்ணைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம். அணைந்தே கிடந்தது. எழுதலாம் என்றேன். ஒரு தடவை அதே வார்த்தையைப் பொய்யாக எழுதினவன் நான், மறுபடி எழுதினால் எண்ணைத் தூக்கி எறிந்துவிடுவாள் என்றான். சரி, கட்டிலில் கிடக்கிற அண்ணியைப் படம் எடுத்து அனுப்பு என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"நான் அனுப்புற படத்தை எவ நம்புவா? இல்லாத கன்னத்தை உண்டாக்கினவன் நான். கட்டில்ல படுக்கவைக்க எவ்வளவு நேரமாகும்னு நினைப்பா."

கடைசியில் ஒன்று முடிவாயிற்று. அண்ணி அனுப்புவதுபோலவே பிறையை முதலில் அனுப்புவது. அதைப் பார்த்து அவள் மனசு இளகியிருக்கும்போது கூப்பிடுவது. அம்மாதான் கூப்பிடுகிறாள் என்று எடுத்துவிடுவாள். எடுத்துவிட்டால் போதும், மற்றதை நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

அந்த நாள் வந்தது. வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. கடையைப் பாதியில் சாத்திவிட்டு மாடிக்குப் போனோம். சூரியன் விழுந்து கால் மணி நேரத்துக்குள் பாப்பாவின் பிறை வந்துவிட்டது. எண் உயிரோடு இருக்கிறது. அண்ணன் மேற்கே பார்க்கிறான், பார்க்கிறான், கண்ணில் படவில்லை. முப்பத்தோரு வருடம் நாலடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் முகத்தை எடுத்தவனுக்கு வானத்தைப் பார்க்கத் தெரியவில்லை. நான்தான் காட்டினேன். எடுத்தால் வெள்ளையாக ஒரு கொழுக்கட்டை விழுகிறது. கை ஆடுகிறது. அப்புறம்தான் தொட்டி விளிம்பும் டைமரும் நினைவுக்கு வந்தன. அறுபது எடுத்ததில் ஒன்று சுத்தமாக விழுந்தது. கம்பி குறுக்கே இருந்தது, பிறை சாய்ந்திருந்தது, சாம்பல் வட்டமும் இருந்தது. அண்ணியே எடுத்ததுபோல் இருந்தது.

அனுப்பு என்றேன். ரெண்டே நிமிஷம் என்று கீழே ஓடினான். கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் போனுக்கு அனுப்ப முடியும் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஏழு நிமிடம் கழித்து, அனுப்பிவிட்டேன் என்று வந்தான். பார்த்துவிட்டாள் என்று அடையாளம் விழுந்தது. உடனே கூப்பிட்டான். ஒரு மணி அடித்தது. வெட்டிவிட்டாள். மறுபடி கூப்பிட்டோம். எண் அணைந்துவிட்டது.

நான் கூப்பிட்டதுதான் தப்பு, பேச்சு என்றாலே அவளுக்கு ஆகாது என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில், அண்ணியைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து, போனில் அந்தப் படத்தைக் காட்டினான். அண்ணி பார்த்தாள். அவள் இடது கை மெல்ல எழுந்தது. ஆள்காட்டி விரலை எடுத்து, படத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குச் சாய்வாக ஒரு கோடு இழுத்தாள். மறுபடி இழுத்தாள். கண்ணாடியில் ஏதோ அழுக்கு என்று நினைத்து அண்ணன் சட்டை நுனியால் துடைத்தான். அவள் மறுபடி இழுத்தாள். இழுத்துக்கொண்டே, "பாப்பா, பாப்பா" என்றாள். நான் எட்டிப் பார்த்தேன்.

படத்தில் கம்பி இல்லை. பிறை நேராக நிமிர்ந்து நின்றது. சாம்பல் வட்டத்தைக் கறை என்று துடைத்திருந்தான். பின்னால் வானம், விசா ஆபீஸ் கேட்கிற மாதிரி, ஒரே நிறத்தில் சுத்தமாக இருந்தது.

வார்டு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. "கம்பி அசிங்கமா இருந்துச்சு" என்றான். "அவ பாக்கப்போற படமாச்சேன்னு நல்லா பண்ணேன்." பழைய படம் எங்கே என்றேன். எங்கே இருக்கும், துடைத்ததும் அழித்துவிட்டான். கேமராக் கார்டையும் காலையில் வந்த வாடிக்கையாளருக்காகக் காலிசெய்துவிட்டான். அம்மா எடுத்த படமில்லை என்று பார்த்த மாத்திரத்தில் பாப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அப்பா மறுபடி போனைக் கைப்பற்றிவிட்டார், ஏதோ வலை விரிக்கிறார் என்று நினைத்திருப்பாள் என்று நாங்கள் புரிந்துகொண்டோம். அது சரியில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

அடுத்த பிறைக்கு இன்னும் இருபத்தெட்டு நாள்.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது? அண்ணன் போலீசுக்குப் போனான். வயது வந்த பெண், விருப்பப்பட்டுப் போயிருக்கிறாள், நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள். போன் கம்பெனிக்குப் போனான். வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். அவளோடு படித்தவர்களைத் தேடிப் போனான். ஒருத்தி கதவைத் திறந்து இவன் முகத்தைப் பார்த்ததும் சாத்திவிட்டாள். பிறகு ஒரு கிறுக்குத்தனம் செய்தான். மூன்று வருடமாக அவள் அனுப்பிய பிறைப் படங்கள் முப்பதுக்கு மேல் அண்ணி போனில் இருந்தன. ஒவ்வொன்றிலும் பிறைக்குக் கீழே ஒரு கூரை, ஒரு கிரேன், பாதிக் கட்டிய கட்டடம், மூன்று புகைபோக்கிகள் என்று ஏதோ ஒன்று தெரிந்தது. அதையெல்லாம் பெரிதாக்கி அச்சுப் போட்டு என் கவுண்டருக்குக் கொண்டுவந்தான். தூர வண்டி டிரைவர்கள் ஒருவர் விடாமல் பிடித்து, இந்தப் புகைபோக்கி எந்த ஊர், பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டான். எல்லோரும் நல்லவர்கள், வாங்கி உற்றுப் பார்த்தார்கள். ஒருவர் வடக்கே என்றார், ஒருவர் துறைமுகம் பக்கம் என்றார். இரண்டு ஊருக்கும் போய்த் தெருத்தெருவாக அண்ணாந்து பார்த்துவிட்டு, காலில் கொப்புளத்தோடு திரும்பி வந்தான். அவன்மேல் எவ்வளவோ கோபம் இருந்தும், பஸ்ஸிலிருந்து அவன் நொண்டிக்கொண்டு இறங்கியதைப் பார்த்தபோது ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் தலை திரும்பும். நர்சாகவோ பக்கத்துக் கட்டில்காரியின் மருமகளாகவோ இருக்கும். மறுபடி தலை தலையணைக்குத் திரும்பும். சாயங்காலங்களில் அண்ணன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தேடிப் போன ஊர்களைப் பற்றிச் சொல்வான். கண்டுபிடித்துவிடுவேன் என்பான். அவள் அவன் கையை இடது கையால் தட்டிக்கொடுப்பாள். ஆறுதல் யாருக்கு யார் சொல்ல வேண்டும் என்றுகூட அந்த மனிதனுக்குத் தெரியவில்லை.

இருபத்திரண்டாம் நாள் இரண்டாவது தடவை வந்துவிட்டது. உயிர் போகவில்லை. கண் திறந்திருந்தது, ஆனால் கண்ணில் யாரும் இல்லை. 'பாப்பா' என்ற சொல்லும் போய்விட்டது. காலடிச் சத்தத்துக்குத் தலை திரும்பவில்லை. அன்றைக்கு நான் பொறுக்கமாட்டாமல் அண்ணியின் போனை எடுத்து, 'பாப்பா, இது அத்தை, சத்தியமாச் சொல்றேன்' என்று எழுத ஆரம்பித்தேன். அண்ணன் பிடுங்கி அழித்துவிட்டான். இருக்கிறது ஒரே நூல், அதையும் அறுத்துவிடாதே என்று என் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். என்னைவிட ஆறு வயது மூத்தவன்.

பிறை நாள் விடிந்ததிலிருந்து மழை. மூன்று மணிக்கு விட்டது, மேகம் விடவில்லை. மேற்கே வானம் ஈரச் சுவர் மாதிரி இருந்தது. நாற்பது நிமிடம் பஸ்ஸில் போனால் வெளியே திறந்த வெளி, அங்கே மேகம் கலைந்திருக்கிறது என்று வந்த டிரைவர் சொன்னார், கிளம்பு என்றேன். அண்ணன் அசையவில்லை.

"கம்பி இங்கதான் இருக்கு."

"அப்ப வெறும் மேகத்தைக் கம்பியோட எடுத்து அனுப்பு."

"பிறை இல்லாம உன் அண்ணி ஒரு தடவைகூட அனுப்பினதில்ல. இந்தத் தடவை ஒரு நூல்கூட மாறக் கூடாது."

சூரியன் இருந்த இடமே தெரியாமல் போய்விட்டது. போன மாதம் இந்த நேரத்துக்கு அவள் படம் வந்திருந்தது. இப்போது ஒன்றும் இல்லை. அவள் போனைத் திறக்கிறாளா என்பதே தெரியாது. அண்ணன் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மேற்கையே பார்த்தான். நம்பிக்கை எனக்கு அப்போதே விட்டுப்போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம், இருக்கிற வரைக்கும் அவள் பக்கத்திலாவது இருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

மேகத்தின் அடியில் ஒரு கிழிசல் விழுந்தது. அங்கே ஆரஞ்சும் நீலமுமாக ஒரு கீற்று, அதில் பிறை. ரொம்பக் கீழே இறங்கிவிட்டிருந்தது. தொட்டியில் வைத்துப் பார்த்தால் கம்பி மேலே போய்விடுகிறது, பிறை மேல் விழவில்லை. அண்ணன் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு கம்பியை விட்டு விலகி மாடியின் மறுகோடிக்கு ஓடினான். கைப்பிடிச் சுவர் மேல் வைத்தான், இப்போது கம்பி பிறைக்குக் கீழே போய்விட்டது. ஒரு கவிழ்த்த வாளி மேல் வைத்தான், சரிவரவில்லை. கடைசியில் தேங்கிய தண்ணீரில் மல்லாந்து படுத்து, கேமராவைத் தன் முட்டியில் முட்டுக்கொடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினான். ஏழு தடவை அழுத்தினான். எட்டாவதுக்குள் கிழிசல் மூடிவிட்டது. இரண்டு நிமிடம்கூட இருந்திருக்காது.

ஏழில் ஆறு படம் ஆடிப்போயிருந்தது. ஒன்றில் எல்லாம் இருந்தது. கம்பி பிறையை அறுத்துக்கொண்டு போனது, அதில் ஒரு மழைத்துளிகூடத் தொங்கியது. கீழே கடைக்குப் போனோம். கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்ததும் அவன் கை மவுஸின் மேல் நின்றது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். வேண்டாம், நான் தொடமாட்டேன் என்றான். அப்படியே போனுக்கு மாற்றி அனுப்பினான்.

ஒற்றை அடையாளம்தான் விழுந்தது. அவள் போன் அணைந்திருக்கிறது. கடைக்குள் விளக்கு போடாமல் உட்கார்ந்திருந்தோம். பிறை இந்நேரம் மறைந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும். இருபது நிமிடம் ஆயிற்று. அவன் போனை மடியில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில், முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தான்.

இரண்டாவது அடையாளம் விழுந்தது. பார்த்துவிட்டாள். கூப்பிடாதே என்று நான் அவன் கையைப் பிடிப்பதற்குள் அவளே கூப்பிட்டாள். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான்.

"யாரு எடுத்தது?" என்றாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"நான்தாம்மா."

பிறகு நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. "போன மாசமே எனக்குத் தெரியும். அம்மா போயிட்டாங்க, அதைச் சொல்லத் தைரியமில்லாம நீங்க படம் அனுப்புறீங்கன்னு தெரியும். ஆபீஸ்ல அம்மா செத்துட்டாங்கன்னு சொல்லி மூணு நாள் லீவு போட்டு அழுது முடிச்சேன். இன்னிக்கு போனைத் திறக்கவே கூடாதுன்னு இருந்தேன். இப்ப எதுக்குக் கம்பியோட எடுத்தீங்க?"

"அம்மா காட்டினா" என்றான் அண்ணன். "கம்பி இல்லன்னு விரலால காட்டினா. வாய் பேச முடியலம்மா அவளுக்கு. ஆஸ்பத்திரில இருக்கா. இருக்கா பாப்பா, அம்மா இருக்கா."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. அதை நான் எழுதப்போவதில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள். நான் போனை வாங்கி, எந்த வண்டி, எங்கே மாற வேண்டும் என்று சொன்னேன். நாள் முழுக்கச் சொல்கிற வேலைதான், ஆனாலும் இரண்டு தடவை தப்பாகச் சொல்லித் திருத்தினேன்.

மறுநாள் சாயங்காலம் பாப்பா வந்தாள். தோளில் ஒரு பை, கசங்கிய உடை, கன்னத்தில் அந்த மச்சம், கொஞ்சம் இளைத்திருந்தாள். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தடுமாறி நின்றாள். பிறகு கட்டில் பக்கம் போய்க் குனிந்து, "அம்மா, நான்தான்" என்றாள். அண்ணியின் கண் திறந்திருந்தது. அது பாப்பாவின் தோளைத் தாண்டி, சுவரில் எங்கேயோ நின்றது. அம்மா, அம்மா என்று கூப்பிட்டாள். முகத்தை அந்தக் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோய் வைத்தாள். அம்மாவின் விரலைப் பிடித்துத் தன் மச்சத்தின் மேல் வைத்துத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. நர்ஸ் வந்து, ஒரு வாரமாக இப்படித்தான் இருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் என்பது அவள் காதில் விழுந்துவிட்டது. நிமிர்ந்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

"போன மாசம் நான் வந்திருந்தா, அம்மாவுக்கு என்னைத் தெரிஞ்சிருக்குமா?"

அண்ணனுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவன் காலை அழுத்தி மிதித்தேன். இல்லம்மா, அப்பவே நினைவு போயிடுச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பெண்ணாவது நிம்மதியாக இருப்பாள். இவனும் தப்பித்துவிடுவான். யார் போய்க் கேட்கப்போகிறார்கள்?

அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"தெரிஞ்சிருக்கும்மா" என்றான். "நல்லாத் தெரிஞ்சிருக்கும். உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தா. யாரு வந்தாலும் நீதான்னு வாசலைப் பாத்தா. நான் கம்பியை அழிக்காம அனுப்பியிருந்தா நீ வந்திருப்பே, அவ பாத்திருப்பா."

அவள் அவனை அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அல்லது பையை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விடுவாள். அண்ணனும் அதற்குத் தயாராகத்தான் நின்றான். பாப்பா வெகுநேரம் அழுதாள், கட்டில் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி. அவன் அவளைத் தொடவும் இல்லை, விலகவும் இல்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டவள், அம்மாவின் கையை விடாமலே அவனைக் கூப்பிட்டாள்.

"உக்காருங்க. போன பிறையிலேர்ந்து நினைவு போற வரைக்கும் அம்மா என்னென்ன பண்ணாங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க."

அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் நாள் காலையிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.